பங்குனியில் கடல் கடக்கும் பருந்துகள்

விடியற்காலை ஐந்தரை மணி. பிரிக்பீல்ட்ஸில் துன் சம்பந்தன் சாலை இன்னும் முழுதாக விழிக்கவில்லை. முதல் ரயிலின் ஓசை கேட்கிறது. அதற்கும் முன்னால் இன்னொரு குரல் தொடங்கிவிட்டது: கூ... ஊ... கூ... ஊ... ஒவ்வொரு முறையும் ஒரு படி மேலே ஏறி, உச்சியில் சட்டென்று நின்று, மறுபடியும் முதலிலிருந்து. எஸ்.பி.எம். தேர்வுக்குப் படிக்க எழுந்தவர்களுக்கு இந்தக் குரல் நன்றாகத் தெரிந்திருக்கும். தூங்க நினைத்தவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரிந்திருக்கும்.

குயிலுக்கு இது கூவும் பருவம். நம் நாட்டில் வசந்தம் என்று ஒரு பருவம் கிடையாது. வெயில், மழை, மறுபடியும் வெயில், அவ்வளவுதான். ஆனால் மார்ச் தொடங்கி ஜூன் வரை, நம் கணக்கில் பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்களில், கிள்ளான் பள்ளத்தாக்கின் பறவைகளைக் கவனித்தால் வசந்தம் ஒன்று நம் தலைக்கு மேலேயே நடந்துகொண்டிருப்பது தெரியும். வந்தவை புறப்படுகின்றன. இங்கேயே இருப்பவை கூடு கட்டுகின்றன. கடலுக்கு அப்பால் இருந்த பருந்துகள் கூட்டம் கூட்டமாக நம் கரைக்கு வந்து சேருகின்றன.

இங்கிலாந்தில் இதே மாதங்களில் பறவை பார்ப்பவர்கள் மரங்களற்ற மேட்டுநிலப் புதர்க்காடுகளுக்குப் போவார்கள். குளிர்காலத்தைக் கடற்கரையில் கழித்த கர்லூ என்னும் வளைந்த நீண்ட அலகுடைய பறவை, முட்டையிட மேட்டுநிலத்துக்குத் திரும்பும் காலம் அது. நமக்கு அப்படிப்பட்ட மேட்டுநிலம் இல்லை. ஆனால் அதே கர்லூ இனத்தின் கிழக்குப் பிரிவு நவம்பரிலிருந்து நம் சிலாங்கூர் சேற்றுக் கடற்கரையில்தான் நண்டு தின்றுகொண்டிருந்தது. அதுவும் இப்போது கிளம்பிக்கொண்டிருக்கிறது, சைபீரியாவை நோக்கி.

நாட்காட்டி எங்கே இருக்கிறது?

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே மூன்று பாகைதான். இங்கே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஏறத்தாழ 20 நிமிடம்தான் வேறுபாடு. ஜப்பானின் நடுப்பகுதியில் அந்த வேறுபாடு ஐந்து மணி நேரத்துக்குக் கிட்ட வரும். அங்கே இருக்கும் பறவைக்குப் பகல் நீளுவது ஒரு மணி அடித்ததுபோல. இங்கே இருக்கும் பறவைக்கு யார் சொல்வது, 'புறப்படு, வடக்கே பனி உருகப் போகிறது' என்று?

ஜெர்மனியைச் சேர்ந்த எபர்ஹார்ட் குவின்னர் 1960களில் இதைச் சோதித்தார். வலசை போகும் சிறு பாட்டுப் பறவைகளைக் கூண்டில் வைத்து, பகலும் இரவும் ஆண்டு முழுவதும் மாறாத அளவில் இருக்கும்படி விளக்குகளை அமைத்தார். வெளியுலகிலிருந்து எந்தச் சமிக்ஞையும் இல்லை. ஆனாலும் வலசைக் காலம் வந்ததும் அந்தப் பறவைகள் இரவில் தூங்காமல் கூண்டுக்குள் சிறகடித்தன. உடலில் கொழுப்பு ஏறியது. இறகு உதிர்ந்து முளைத்தது. எல்லாம் ஏறத்தாழ ஓராண்டுச் சுழற்சியில். உடலுக்குள்ளேயே ஓர் ஆண்டுக் கடிகாரம் ஓடுகிறது என்பது அப்படித்தான் உறுதியானது. நிலநடுக்கோட்டுப் பகுதியில் குளிர்காலத்தைக் கழிக்கும் பறவைக்கு அந்தக் கடிகாரம் இல்லாமல் முடியாது.

தெருவில் நின்றே இதை நீங்கள் பார்க்கலாம். அந்தியில் கடைவரிசைக்கு மேலே மின்கம்பிகளில் நெருக்கமாக உட்காரும் சிறு பறவைகளில், பிளவுபட்ட வாலும் நீலக்கருப்பு முதுகும் உடையது தகைவிலான். பகாங்கின் பெந்தோங், ரவுப் போன்ற ஊர்களில் இவை ஆயிரக்கணக்கில் கம்பிகளில் அடைந்ததுண்டு. மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய விலங்கியலாளர் மெட்வே பிரபு இந்தத் தகைவிலான்களுக்குக் காலில் வளையமிட்டு நீண்ட ஆய்வு செய்து 1973-இல் வெளியிட்டார். மார்ச் மாதம் கம்பி நிறைய இருக்கும் பறவைகள் ஏப்ரல் நடுவில் பாதியாகி, பிறகு ஒருநாள் கம்பி காலியாகிவிடும். யாரும் அறிவிப்பதில்லை.

மலாக்கா நீரிணைக்கு மேலே

இந்தப் பருவத்தில் ஒரே ஒரு நாள்தான் ஒதுக்க முடியும் என்றால், அந்த நாளை மார்ச் மாதத்தில் தஞ்சோங் துவானுக்குக் கொடுக்கச் சொல்வேன். போர்ட்டிக்சனுக்குத் தெற்கே கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் குன்று அது. சுற்றிலும் நெகிரி செம்பிலான் மாநிலம். ஆனால் இந்தத் துண்டு நிலம் மட்டும் மலாக்காவுக்குச் சொந்தம். உச்சியில் கலங்கரை விளக்கம். பழைய வரைபடங்களில் கேப் ராச்சாடோ என்ற போர்த்துகீசியப் பெயர் இருக்கும். இப்போது நிற்கும் கோபுரம் 1863-இல் கட்டப்பட்டது.

இங்கே மலேசிய இயற்கைக் கழகம் 2000-ஆம் ஆண்டிலிருந்து மார்ச் மாதத்தில் பருந்து பார்க்கும் விழா நடத்திவருகிறது. தன்னார்வலர்கள் கையில் எண்ணும் கருவியோடு மேற்கே கடலைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். காலை எட்டு மணிக்குப் போய், ஒன்பது மணிக்குள் பொறுமை இழந்து இறங்கி வருபவர்களும் உண்டு. அது தவறு. பருந்துகள் பத்து மணிக்கு முன்னால் பெரும்பாலும் வராது. ஏன் என்பதில்தான் நம் பௌதிகப் பாடம் இருக்கிறது.

பெரிய பருந்துகள் சிறகடித்துப் பறப்பதை விரும்புவதில்லை. அதற்குச் செலவு அதிகம். அவை நம்பியிருப்பது வெப்பக் காற்றுத் தூணை. வெயில் நிலத்தைச் சூடாக்குகிறது. நிலத்தை ஒட்டிய காற்று விரிந்து, அடர்த்தி குறைந்து, மேலே எழுகிறது. பருந்து சிறகை விரித்து அந்தத் தூணுக்குள் வட்டமிட்டால் போதும், மின்தூக்கியில் ஏறுவதுபோல உயரே போய்விடும். தூண் முடியும் இடத்தில் வட்டமிடுவதை நிறுத்தி, தான் போகவேண்டிய திசையில் சறுக்கத் தொடங்கும். உயரம் குறைந்ததும் அடுத்த தூணைத் தேடும்.

நிலத்தின் மேல் இது சுலபம். கடலின் மேல் அப்படியில்லை. ஒரு கிலோ தண்ணீரின் வெப்பநிலையை ஒரு பாகை உயர்த்த ஏறத்தாழ 4.2 கிலோஜூல் வேண்டும். உலர்ந்த மணலுக்கு அதில் ஐந்தில் ஒரு பங்கு போதும். அதோடு சூரிய ஒளி தண்ணீருக்குள் ஆழமாக இறங்கிப் பரவிவிடுகிறது, அலை கலக்கிவிடுகிறது, ஆவியாதல் குளிர்வித்துவிடுகிறது. ஆகவே நண்பகலிலும் கடலின் மேல் வலுவான வெப்பத் தூண்கள் எழுவதில்லை.

சுமத்ராவின் ரியாவ் கரையை ஒட்டிய ருப்பாட் தீவிலிருந்து தஞ்சோங் துவானுக்கு ஏறத்தாழ 38 கிலோமீட்டர். நீரிணை மிகவும் ஒடுங்கும் இடங்களில் இது ஒன்று. ஒரு சிறு கணக்குப் போடுவோம். பருந்து ஒரு மீட்டர் இறங்குவதற்குள் பத்து மீட்டர் முன்னே சறுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ருப்பாட்டின் மேல் ஒரு கிலோமீட்டர் உயரம் ஏறிப் புறப்பட்டால், பத்து கிலோமீட்டர் போவதற்குள் தண்ணீரைத் தொட்டுவிடும். பாக்கி 28 கிலோமீட்டரை என்ன செய்வது? பின்காற்று இருந்தால் கொஞ்சம் உதவும். மற்றதெல்லாம் சிறகடித்துத்தான் ஆக வேண்டும்.

அதனால்தான் வசந்தகாலத்தில் இந்தக் குன்றில் கிடைக்கும் காட்சி அலாதியானது. அக்டோபரில் தெற்கே போகும்போது இதே பருந்துகள் நம் நிலத்தின் மேல் நன்றாக உயரம் ஏறிப் புள்ளி புள்ளியாகக் கடந்துபோகும். கழுத்து வலிக்கும், பறவை தெரியாது. மார்ச்சில் அவை கடலைக் கடந்து, உயரத்தையெல்லாம் செலவழித்துவிட்டு வருகின்றன. அலைக்கு மேலே கொஞ்சம் உயரத்தில் ஒரு கரும்புள்ளி. அது பெரிதாகிறது. சிறகடிப்பு தெரிகிறது: நாலு அடி, கொஞ்சம் சறுக்கல், மறுபடியும் நாலு அடி. கரைக்கு வரும்போது மரத்தின் உச்சியை உரசுவதுபோல வருகிறது. கண் தெரியும். அலகு திறந்திருப்பது தெரியும். குன்றின் சூடான பாறையிலிருந்து எழும் முதல் காற்றில் அது சிறகை விரித்து, அடிப்பதை நிறுத்தும் அந்தக் கணத்தைப் பார்க்கிறவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். நானும் நிறுத்தினேன்.

வருவதில் மிகப் பெரும்பான்மை தேன் பருந்து. பெயர் தேனைச் சொன்னாலும் அது தேடுவது தேனீக்கும் குளவிக்கும் பிறந்த புழுக்களைத்தான். கூட்டைப் பிய்த்து அடையோடு தின்னும். கொட்டு வாங்காமலிருக்க அதன் முகத்தில் செதில்போல நெருங்கிய குட்டை இறகுகள் இருக்கின்றன. மூக்குத் துளைகள் கீறல்போல ஒடுங்கியிருக்கும். நிறத்தை வைத்து அடையாளம் காண முயன்றால் தோற்றுவிடுவீர்கள்: ஒன்று ஏறத்தாழ வெள்ளை, அடுத்தது ஏறத்தாழ கருப்பு, மூன்றாவது பழுப்பு. உருவத்தைப் பாருங்கள். புறாவுக்கு இருப்பதுபோல முன்னே நீண்ட சிறிய தலை, அகன்ற சிறகு, நீண்ட வால்.

கூடவே கறுப்பு பாசா என்னும் கொண்டை வைத்த சிறு பருந்து கூட்டமாக வரும். ஜப்பானிய வல்லூறு, சீன வல்லூறு, சாம்பல்முகப் பருந்து ஆகியவையும் கணக்கில் சேரும். புதியவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. செம்பருந்தும் வெண்வயிற்றுக் கடற்கழுகும் அந்தக் கரையிலேயே குடியிருப்பவை. நாள் முழுவதும் அங்கும் இங்கும் பறக்கும் ஒரே செம்பருந்தைப் பத்து முறை எண்ணிவிட்டால் கணக்கு என்னாவது? எண்ணுவோர் அதனால்தான் உள்ளூர்ப் பறவைகளை விலக்கி, கடலிலிருந்து கரையை நோக்கி வருபவற்றை மட்டும் பதிவு செய்கிறார்கள். நல்ல நாளில் ஆயிரத்தைத் தாண்டும். மழை நாளில் எண்ணும் கருவி பூஜ்யத்திலேயே நிற்கும். அந்தப் பூஜ்யத்தையும் எழுதி வைக்க வேண்டும், அதுவும் தரவுதான்.

இவை எங்கே போகின்றன? ஜப்பானில் ஹிரோயோஷி ஹிகுச்சியும் அவருடைய குழுவினரும் தேன் பருந்துகளின் முதுகில் செயற்கைக்கோள் கருவி பொருத்தி 2003-ஆம் ஆண்டிலிருந்து பின்தொடர்ந்தார்கள். இலையுதிர்காலத்தில் அந்தப் பருந்துகள் ஜப்பானிலிருந்து கிழக்குச் சீனக் கடலை ஏறத்தாழ 700 கிலோமீட்டர் நேராகக் கடந்து சீனாவுக்கு வந்து, இந்தோசீனா வழியாக மலாய்த் தீபகற்பத்தில் இறங்கி, சுமத்ரா, ஜாவா, போர்னியோ என்று பிரிந்துபோயின. ஏறத்தாழ 10,000 கிலோமீட்டர் பயணம். வசந்தத்தில் திரும்பும்போது அவை அந்தக் கடலை நேராகக் கடக்கவில்லை. நம் தீபகற்பத்தின் வழியே வடக்கே ஏறி, வழியில் பல நாட்கள் தங்கி, சீனாவைச் சுற்றி, கொரியத் தீபகற்பத்தின் வழியாக ஜப்பானுக்குள் நுழைந்தன. இலையுதிர்காலத்தில் அந்தக் கடலின் மேல் கிடைக்கும் சாதகமான காற்று வசந்தத்தில் கிடைப்பதில்லை. நிலப்படத்தை விரித்து விரலால் அந்த வழியை வரைந்து பாருங்கள். ஜாவாவிலிருந்து புறப்படும் பறவைக்கு நம் தீபகற்பம் ஒரு நெடுஞ்சாலை. தஞ்சோங் துவான் அதன் நுழைவாயில்.

அந்த நுழைவாயிலின் காடு நூறு ஹெக்டேருக்கும் குறைவு. சுற்றிலும் தங்கும் விடுதிகளும் அடுக்குமாடிகளும் வந்துவிட்டன. 38 கிலோமீட்டர் சிறகடித்து வந்த பறவை களைப்பாறும் முதல் மரம் அந்தக் காட்டில்தான் இருக்கிறது. எதிர்க்கரையிலும் ஒரு சிக்கல் உண்டு. ரியாவில் ஆண்டின் முதல் மாதங்கள் வறண்டவை. கரிமண் நிலங்கள் தீப்பிடிக்கும். 2014-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ரியாவ் மாநிலம் புகையால் அவசரநிலை அறிவித்தது. புகைமூட்டம் என்றால் நமக்குப் பள்ளி விடுமுறையும் முகக்கவசமும் நினைவுக்கு வரும். பருந்தின் பக்கத்திலிருந்து யோசியுங்கள்: சூரிய ஒளி தடைபட்டால் நிலம் சூடேறாது, நிலம் சூடேறாவிட்டால் காற்றுத் தூண் வலுவாக எழாது, குறைந்த உயரத்திலிருந்து கடலைக் கடக்க வேண்டும், அதுவும் எதிர்க்கரை கண்ணுக்குத் தெரியாமல்.

கிள்ளானுக்கு வந்த காகம், காகத்தைத் தேடி வந்த குயில்

இப்போது பிரிக்பீல்ட்ஸ் குயிலுக்குத் திரும்புவோம். அதன் கதை கிள்ளானில் தொடங்குகிறது.

சாம்பல் கழுத்துள்ள வீட்டுக் காகம் இந்த நாட்டுப் பறவையே அல்ல. 1890களில் சிலாங்கூரில் காப்பித் தோட்டங்கள் பரவியிருந்தன. செடிகளைப் புழுக்கள் தின்று தீர்த்தன. அந்தப் புழுக்களைத் தின்னட்டும் என்று இலங்கையிலிருந்து காகங்களைக் கொண்டுவந்து கிள்ளானில் விட்டார்கள். பிறகு காப்பியின் காலம் முடிந்தது; தோட்டங்களில் ரப்பர் வந்தது; ரப்பருக்குப் பின் செம்பனை வந்தது. காகம் மட்டும் போகவில்லை. துறைமுகம், சந்தை, குப்பைத் தொட்டி என்று அது தனக்கு வேண்டியதைக் கண்டுபிடித்துக்கொண்டது. கிள்ளான் நகராண்மைக் கழகம் துப்பாக்கி வைத்திருப்போரை அழைத்துக் காகங்களைச் சுடும் நடவடிக்கை எடுக்கும் அளவுக்கு அது பெருகியது. ஒரு புழுவை ஒழிக்க ஒரு பறவையைக் கொண்டுவந்து, அந்தப் பறவையை ஒழிக்கத் துப்பாக்கியைக் கொண்டுவந்த கதை இது.

நம் மண்ணுக்கே உரிய காகம் வேறு. அது முழுக் கருப்பு, தடித்த அலகு. அடுத்த முறை காகத்தைப் பார்க்கும்போது கழுத்தைக் கவனியுங்கள்; சாம்பல் பட்டை இருந்தால் அதன் மூதாதையர் கப்பலில் வந்தவர்கள்.

குயில் கூடு கட்டாது, காகத்தின் கூட்டில் முட்டையிடும் என்பதை நம் வீட்டுப் பாட்டிமார்கள் எந்தப் பறவையியல் நூலும் படிக்காமலே சொல்வார்கள். தீபகற்ப மலேசியாவில் குயில் முன்பு பெரும்பாலும் வடக்கிலிருந்து வந்துபோகும் விருந்தாளியாகத்தான் இருந்தது. காகம் நகரங்களில் பெருகியதும், முட்டையிட இடம் கிடைத்துவிட்டது; குயில் இங்கேயே தங்கி இனம் பெருக்கத் தொடங்கியது. இன்று நீங்கள் பிரிக்பீல்ட்ஸிலோ பந்திங்கிலோ கேட்கும் கூவலுக்குப் பின்னால் காப்பிச் செடியின் புழு ஒன்று இருக்கிறது என்றால் நம்புவீர்களா?

கூவுவது ஆண் குயில். பளபளக்கும் கருப்பு, சிவந்த கண். பெண் குயில் பழுப்பில் வெள்ளைப் புள்ளிகள் தெளித்ததுபோல இருக்கும்; அது கூவுவதில்லை, 'கிக்-கிக்-கிக்' என்று கத்தும். கதைகளில் கூவும் குயிலைப் பெண்ணாக்கிவிட்டோம். அதைத் திருத்த இனி முடியாது என்றுதான் தோன்றுகிறது.

குயிலின் முட்டை காகத்தின் முட்டையைவிட இரண்டு மூன்று நாட்கள் முன்னதாகவே பொரிந்துவிடும். முந்திப் பிறந்த குஞ்சுக்கு முந்திச் சாப்பாடு. ஐரோப்பியக் குயில் இனத்தின் குஞ்சு, வளர்ப்புத் தாயின் முட்டைகளை முதுகால் தள்ளிக் கூட்டிலிருந்து உருட்டிவிடும். நம் குயிலின் குஞ்சு பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை. காகக் குஞ்சுகளோடு சேர்ந்தே வளரும். மே, ஜூன் மாதங்களில் காகம் ஒன்று தன்னைப்போல் இல்லாத ஒரு குஞ்சுக்கு இரை ஊட்டுவதைப் பார்த்தால் நின்று கவனியுங்கள். பள்ளிக்குத் தாமதமானாலும் பரவாயில்லை என்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை.

மேலே, மேகத்துக்குள்

நமக்கு மேட்டுநிலம் என்றால் தித்திவங்சா மலைத்தொடர்தான். கோலாலம்பூரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டரில், கோலகுபு பாரு வழியாக வளைந்து வளைந்து ஏறினால் பிரேசர் மலை. லூயிஸ் ஜேம்ஸ் பிரேசர் என்ற ஸ்காட்லாந்துக்காரரின் பெயர் அது. ஈயம் தோண்டிய இடம், பிறகு வெள்ளைக்காரர்களின் குளுகுளு விடுதி. 1988-இல் அங்கே பன்னாட்டுப் பறவை பார்க்கும் போட்டி தொடங்கியது: குறித்த நேரத்துக்குள் யார் அதிக இனங்களைக் காண்கிறார்கள் என்பதே பந்தயம்.

மார்ச் முதல் ஜூன் வரை மலையில் பாட்டுக் காலம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, பூச்சிகள் பெருகியிருக்கும். காலையில் சாலையோரமாக நின்றால் முதலில் ஒன்றுமே இருக்காது. அரை மணி நேரம் கழித்து ஒரு மரம் திடீரென்று உயிர் பெறும். வெள்ளிக் காதும் மஞ்சள் தொண்டையுமாக மேசியா, நீண்ட வாலுடைய சிபியா, மரத்தில் தலைகீழாக இறங்கும் சிறு பறவைகள், இவற்றுக்கு நடுவே வால் நுனியில் இரண்டு துடுப்பு தொங்கும் கரிச்சான். எல்லாம் கலந்து ஒரே திசையில் நகரும். இரண்டு நிமிடத்தில் மறைந்துவிடும். பறவை பார்ப்பவர்கள் இதைப் பறவை அலை என்பார்கள். பல இனங்கள் சேர்ந்து போவதில் லாபம் உண்டு: ஒன்று கலைத்த பூச்சியை இன்னொன்று பிடிக்கும்; வல்லூறு வந்தால் ஐம்பது ஜோடிக் கண்களில் ஏதாவது ஒன்று முதலில் பார்த்துவிடும்.

எனக்குப் பிடித்தது நீள்வால் அகலலகி. பச்சை உடல், மஞ்சள் முகம், தலையில் கருப்புத் தலைக்கவசம் மாட்டிய மாதிரி, நீல வால். மோட்டார்சைக்கிளை எங்கே நிறுத்தினாய் என்று கேட்கத் தோன்றும். பள்ளத்தின் மேல் நீட்டிய கிளை நுனியில் அதன் கூடு பழைய துணிப்பை போலத் தொங்கும்; குப்பை சிக்கியிருக்கிறது என்று பலர் கடந்துபோய்விடுவார்கள். இன்னொன்று, மரத்தில் சில்வண்டு ஒன்று கத்திக் கத்தி வேகமெடுக்கிறதே என்று தேடினால், மூக்கருகே தீப்பொறிபோல இறகுக் குஞ்சம் வைத்த குக்குறுவான் உட்கார்ந்திருக்கும்.

இந்த மலைகளுக்கே உரிய பறவைகளும் உண்டு. மலாய்ச் சீழ்க்கைப் பூங்குருவி அவற்றில் ஒன்று. அதன் அறிவியல் பெயரில் வரும் ராபின்சோனி, சிலாங்கூர் அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கொண்ட ஹெர்பர்ட் ராபின்சனைக் குறிக்கிறது. மலை மயில்கோழியும் அப்படித்தான். தீபகற்ப மலேசியாவின் மலைகளில் தவிர உலகில் வேறெங்கும் காட்டில் பார்க்க முடியாது.

ஏன் இவை கீழே இறங்கி வருவதில்லை? மறுபடியும் கணக்கு. உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 பாகை செல்சியஸ் குறையும். கோலாலம்பூரில் 33 பாகை என்றால், 1,200 மீட்டர் மேலேயுள்ள பிரேசர் மலையில் 25 பாகை. அந்தக் குளிரும் அந்த ஈரமும் அந்தப் பாசி படிந்த மரமும்தான் இவற்றின் வீடு. கீழேயுள்ள வெப்பச் சமவெளி இவற்றுக்குக் கடல் மாதிரி. ஆக ஒவ்வொரு மலையுச்சியும் ஒரு தீவு.

இப்போது கணக்கைத் திருப்பிப் போடுங்கள். பூமி ஒரு பாகை சூடேறினால், அதே குளிரைத் தேடி ஒரு பறவை எவ்வளவு மேலே போக வேண்டும்? 1,000-ஐ 6.5-ஆல் வகுத்தால் 154 மீட்டர். 1,250 மீட்டரில் வாழும் பறவை 1,400-க்குப் போக வேண்டும். இரண்டு பாகை சூடேறினால் 1,550. பிரேசர் மலைப் பாதைகளில் புகழ்பெற்ற பைன் ட்ரீ குன்றின் உச்சியே 1,450 மீட்டரை ஒட்டித்தான் இருக்கிறது. அதற்கு மேல் மலை இல்லை, வானம்தான். தித்திவங்சாவில் இதைவிட உயர்ந்த சிகரங்கள் உண்டு. கோர்பு 2,183 மீட்டர். ஆனால் ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்குப் போக, தரையோடு தரையாக நடக்கும் மயில்கோழி என்ன செய்யும்? பறவை வாழ்வது வெப்பநிலையை மட்டும் நம்பியல்ல என்பது உண்மைதான். உணவு, நோய், போட்டி எல்லாம் சேரும். ஆனாலும் இந்த எளிய வகுத்தல் கணக்கு என்னைப் பல நாட்களாக விடவில்லை.

புறப்படுமுன்

கடற்கரையைப் பற்றிச் சுருக்கமாக. கிள்ளானுக்கு வடக்கே காப்பார் மின்நிலையத்தின் சாம்பல் குளங்களில், அலை ஏறும் நேரத்தில் ஆயிரக்கணக்கான கரைப்பறவைகள் ஒதுங்குவது ஆய்வாளர்களுக்கு நன்கு தெரியும். உள்ளே பொதுமக்கள் போக முடியாது. ஆனால் கோலசிலாங்கூர் இயற்கைப் பூங்கா திறந்திருக்கிறது. ஏப்ரலில் அந்தப் பக்கச் சேற்றுக் கரையைப் பார்த்தால், குளிர்காலம் முழுவதும் சாம்பல் நிறத்தில் இருந்த உள்ளான்களில் சில செங்கல் சிவப்புக்கு மாறியிருக்கும். சைபீரியாவில் போய் அணிய வேண்டிய உடையை இங்கேயே உடுத்திக்கொண்டுதான் கிளம்புகின்றன.

இருகண் நோக்கி வாங்குவதானால் 8x42 என்று எழுதியது போதும்: எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடியின் விட்டம் 42 மில்லிமீட்டர். பத்து மடங்கு, பன்னிரண்டு மடங்கு என்று கடைக்காரர் ஆசை காட்டினால் மயங்காதீர்கள். கையின் நடுக்கமும் அதே அளவு பெரிதாகும். பருந்து பார்க்கும்போது நோக்கியைச் சூரியன் பக்கம் தப்பித் தவறியும் திருப்பக்கூடாது. விழித்திரை ஒரு நொடியில் கருகும். கைப்பேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு அழைக்கும் பழக்கம் பரவியிருக்கிறது. கூடு கட்டும் மாதங்களில் அதைச் செய்யாதீர்கள். தன் இடத்துக்குள் எதிரி நுழைந்துவிட்டது என்று எண்ணி, அடைகாப்பதை விட்டுவிட்டு அந்தப் பறவை ஓடிவரும்.

இவை எதுவும் இல்லாமலும் ஒரு வேலை செய்யலாம். ஒரு குறிப்பேடு, ஒரு பேனா. உங்கள் வீட்டருகே ஒரே ஒரு மின்கம்பியைத் தேர்ந்தெடுங்கள். மார்ச் முதல் தேதியிலிருந்து நாள்தோறும் மாலை ஏழு மணிக்கு அதில் எத்தனை தகைவிலான்கள் என்று எழுதுங்கள். கடைசியாகப் பார்த்த தேதிக்குக் கீழே ஒரு கோடு போட்டு, குறிப்பேட்டை மூடி வையுங்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் அதே கம்பியில் முதல் பறவை வந்து உட்காரும்போது திரும்பத் திறக்கலாம்.